மீன் தொட்டியோடு ஒன்றரை வருஷம்: அவசரப்பட்டு நான் இழந்தவை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுபதுக்கும் மேல் மீனைச் சாகடித்தவன் மீன் வளர்ப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று ஒரு கூச்சம். ஆனால் அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்ப்பது) ஆரம்பிக்கப் போகிறேன் என்று யாராவது உற்சாகமாகச் சொல்லும்போதெல்லாம் என் வயிற்றைப் பிசைகிறது. எனக்கு இதையெல்லாம் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் இரண்டரை மாதச் சம்பளமும் ஒன்றரை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும் மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதிவிடுகிறேன்.

ஆரம்பித்த காரணம் பயம்தான். கொஞ்ச காலம் கடைகள் ஒழுங்காகத் திறக்காமல், கிடைத்த காய்க்கும் கேட்ட விலை கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் நாங்கள் நான்கு பேர். நமக்கென்று கொஞ்சமாவது நாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. மண் அதிகம் இல்லை, தண்ணீரும் தாராளமாக இல்லை. அப்போதுதான் இந்த முறை கண்ணில் பட்டது. தொட்டியில் மீன், பக்கத்தில் சரளைக்கல் நிரப்பிய பாத்தியில் செடி. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது, நைட்ரேட்டைச் செடி சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைச் சுத்தமாக்கித் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. கேட்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது! மண்ணில் விளைவிக்க ஆகும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். தண்ணீர் விஷயத்தில் என் அனுபவமும் அதற்கு எதிராக இல்லை. 1000 லிட்டர் தொட்டிக்குத் தினமும் 15, 20 லிட்டர்தான் ஊற்ற வேண்டியிருந்தது, அதுவும் ஆவியாகிப் போனதற்கும் இலை குடித்ததற்கும் ஈடாக.

தொட்டியை எங்கே வைப்பது என்பதிலேயே முதல் தப்பு. மொட்டை மாடியில் வைத்தேன். 1000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன், கல் நிரம்பிய பாத்தி சதுர மீட்டருக்கு அரை டன் வரும். இதைக் கட்டடம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் யோசித்தேன். எல்லாவற்றையும் கீழே இறக்கி, குழாய்களைத் திரும்ப வெட்டி ஒட்ட இரண்டு வாரம் போயிற்று. கல்லையும் முதலில் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு பிடி கல்லைக் கழுவி வினிகரில் போட்டால் நுரைத்து வரக் கூடாது, வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, பி.எச் (தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் சொல்லும் அளவு, 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) ஏறிக்கொண்டே இருக்கும். என் கல் நுரைக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம், அறிவு இல்லை.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். பொருள்களை விற்றவர், "தண்ணீர் நிரப்பி மூன்றாம் நாளே குஞ்சு விடலாம், ஒன்றும் ஆகாது" என்றார். எனக்கும் அதுதானே வேண்டும்? 40 திலாப்பியா குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டேன். முதல் ஐந்து நாள் வீட்டில் எல்லோரும் தொட்டியைச் சுற்றியே நின்றோம். தீவனம் போட்டால் தண்ணீர் கொதிப்பது போல மேலே வந்து அள்ளும், அதைப் பார்க்கவே ஒரு நாளைக்கு நான்கு தடவை போட்டோம். எட்டாம் நாள் ஒன்று செத்து மிதந்தது. பத்தாம் நாள் பார்த்தால் எல்லா மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. காற்று போதவில்லை என்று நினைத்து இன்னொரு காற்று பம்ப் வாங்கிப் போட்டேன். மறுநாள் ஆறு. பயந்துபோய்ப் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை நேராகத் திறந்துவிட்டேன். அதில் குளோரின் இருந்தது. கொஞ்சநஞ்சம் வளரத் தொடங்கியிருந்த பாக்டீரியாவும் அதோடு போயிற்று. இரண்டு வாரத்துக்குள் 33 போய்விட்டன. மிச்சம் ஏழையும் குளம் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். செத்த மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பாக இல்லை, காய்ந்துபோன ரத்தக் கறை மாதிரிப் பழுப்பாக இருந்தது. நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் அந்த நிறத்துக்கு வந்துவிடும். எத்தனை காற்று பம்ப் வைத்தாலும் அந்த மீன் மூச்சுத் திணறத்தான் செய்யும்.

அந்தப் பாக்டீரியா நாம் வாங்கி ஊற்றி அடுத்த நாளே வேலைக்கு வருகிற சமாசாரம் இல்லை. கல்லின் மேல் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், குளிரில் இன்னும் கூட. மீன் இல்லாமலே அதை வளர்க்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தண்ணீரில் அம்மோனியா 2லிருந்து 4 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) வரும்படி அம்மோனியம் குளோரைடோ, வாசனை எதுவும் சேர்க்காத அம்மோனியாக் கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தினமும் சோதனைக் கிட்டில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கினால் நைட்ரேட் ஏறும். விட்ட அம்மோனியாவும் அதனால் வந்த நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு வருகிற நாளில்தான் மீன் வாங்கப் போக வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் இருந்தால் ஒரு டிரம்மில் பிடித்து இரண்டு நாள் காற்று குமிழ விட்டால் போய்விடும். குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீர் என்றால் அப்படிப் போகாது, அதற்கான மருந்தோ கார்பன் வடிகட்டியோ வேண்டும். மீன் இருக்கும்போது நைட்ரைட் ஏறிவிட்டால் 1000 லிட்டருக்கு 1 கிலோ சாதாரண உப்பைக் கரைத்து ஊற்றினால், நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதை உப்பில் உள்ள குளோரைடு தடுக்கும். அந்த ஒரு கிலோ உப்பு என் சமையலறையிலேயே இருந்தது.

இரண்டாம் தடவை 38 நாள் காத்திருந்தேன். வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைத் தினமும் சோதித்து நோட்டில் எழுதுவதைப் பார்த்து வீட்டில் கிண்டல். பரவாயில்லை. மறுபடி 40 குஞ்சு விட்டேன், இரண்டு மட்டும்தான் போயின. செடியும் பிடித்துக்கொண்டது. மூன்று சதுர மீட்டர் பாத்தியில் கீரை, புதினா, துளசி, லெட்டூஸ். இலை பறிக்கப் பறிக்க வந்தது. நடுவில் இளம் இலைகள் மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றது, அது இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பு இருக்காது. கீலேட் செய்த இரும்பு, அதாவது தண்ணீரில் கரைந்தே நிற்கிற மாதிரிச் செய்த இரும்பு, என்று கேட்டு வாங்கி 2 பிபிஎம் அளவுக்குப் போட்டதும் பத்து நாளில் புது இலை பச்சையாக வந்தது. சாதாரண இரும்பு சல்பேட் போட்டால் அது துருவாகி அடியில் தங்கிவிடும், செடிக்குக் கிடைக்காது. அசுவினிப் பூச்சி வந்தபோது மருந்து அடிக்கக் கை பரபரத்தது, நல்ல வேளையாக அடிக்கவில்லை. இலையில் அடிப்பது கடைசியில் மீன் தொட்டிக்குத்தான் வரும். சோப்புத் தண்ணீர், செம்பு கலந்த மருந்து எல்லாம் செவுளைப் பதம் பார்த்துவிடும். கையால் நசுக்கி, தண்ணீர் பீய்ச்சித் தள்ளினேன்.

ஐந்து மாதம் நன்றாக ஓடியது. நன்றாக ஓடியதுதான் பிரச்சினை, சோதிப்பதை வாரம் ஒரு முறையாக்கி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக்கிவிட்டேன். குளோரின் தொல்லை வேண்டாம் என்று மழைத் தண்ணீரைச் சேகரித்து ஊற்றிவந்தேன், அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். பி.எச் சோதித்தால் ஒவ்வொரு தடவையும் சோதனைக் குழாயில் ஒரே மஞ்சள் நிறம், அட்டையில் அதற்கு எதிரே 6.0 என்று போட்டிருந்தது. செடிக்கு 6 நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். அந்தக் கிட்டால் 6க்குக் கீழே காட்டவே முடியாது. 5.8 ஆனாலும் 5.2 ஆனாலும் அதே மஞ்சள்தான்! அட்டையின் கடைசிக் கட்டத்தில் நிறம் நின்றால், அது அளவு இல்லை, அதற்குக் கீழே எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். இது எனக்கு உறைக்கவே இல்லை.

உள்ளே நடந்தது இதுதான். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறினால் தண்ணீரில் அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மையில், சுண்ணாம்புக்கல் கணக்கில், சுமார் 7 கிராம் காலியாகும். கிணற்றுத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு ஓரளவு இருக்கும், அது ஈடுகட்டும். மழைத் தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. அதனால் பி.எச் சத்தமில்லாமல் இறங்கி, 6க்குக் கீழே போனதும் பாக்டீரியா வேலையைக் குறைத்து ஒரு கட்டத்தில் நிறுத்தியேவிட்டது. மீன் ஒவ்வொன்றும் 150 கிராம் இருக்கும், தினமும் 115 கிராம் தீவனம் போய்க்கொண்டிருந்தது. மாற்ற ஆள் இல்லாத அம்மோனியா சேர்ந்துகொண்டே போனது. முதல் அறிகுறி தீவனம் மிதந்து கிடந்ததுதான், மீன் சாப்பிடவில்லை. அம்மோனியா சோதித்தேன், கரும்பச்சை, 8 பிபிஎம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இங்கேதான் நான் வாழ்நாளில் மறக்க முடியாத முட்டாள்தனத்தைச் செய்தேன். அந்த 8 பிபிஎம்மோடு என் மீன்கள் உயிரோடு இருந்தன. ஏன் இருக்கின்றன என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பகுதி அம்மோனியம், அது மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. விஷம் என்பது மிச்சப் பகுதி. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச்சும் சூடும். 25 டிகிரித் தண்ணீரில் பி.எச் 7 என்றால் விஷப் பகுதி நூற்றில் ஒன்றுகூட இல்லை. பி.எச் 8 என்றால் நூற்றில் ஐந்து. 9 ஆகிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். புளித்த தண்ணீர்தான் என் மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நானோ பி.எச் குறைந்ததால்தான் பாக்டீரியா படுத்துவிட்டது என்று சரியாகக் கண்டுபிடித்து, அதை உடனே சரிசெய்கிறேன் பேர்வழி என்று நீர்த்த சுண்ணாம்புத் தூளை ஒரு கைப்பிடி கரைத்துச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊற்றினேன். ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து வட்டம் போட்டு ஓடுகின்றன, தொட்டிச் சுவரில் மோதும் சத்தம் கேட்கிறது. விடியும்போது 38 மீனும் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. உயர்ந்த பி.எச்சை அளக்கும் வேறு கிட்டை அன்று காலைதான் வாங்கி வந்து பார்த்தேன், 9க்குக் கிட்டே இருந்தது. என் சின்ன மகள் பள்ளிக்குப் போகும் முன் பார்த்துவிடக் கூடாது என்று அவசர அவசரமாகப் பக்கெட்டில் அள்ளினேன், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது ரொம்ப எளிது. தீவனத்தை அடியோடு நிறுத்த வேண்டும், மீன் சில நாள் பட்டினி கிடந்தால் சாகாது. அதே அளவு புளிப்புள்ள மழைத் தண்ணீராலேயே கால் பங்கு, அடுத்த நாள் இன்னொரு கால் பங்கு என்று மாற்றி அம்மோனியாவைக் குறைக்க வேண்டும். அம்மோனியா 1க்குக் கீழே வந்த பிறகு பி.எச்சை ஒரு நாளைக்கு 0.2க்கு மேல் ஏறாதபடி மெதுவாகத் தூக்க வேண்டும். இப்போது நான் சிப்பி ஓட்டை உடைத்து வலைப் பையில் கட்டி, தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். பி.எச் குறைந்தால் அதுவாகக் கரையும், ஏறினால் கரைவது நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் பொட்டாசியம் பைகார்பனேட்டைத் தேக்கரண்டிக் கணக்கில் சேர்க்கிறேன், செடிக்குப் பொட்டாசியமும் ஆச்சு. பி.எச் 6.4க்கும் 7க்கும் நடுவில் நின்றால் மீன், செடி, பாக்டீரியா மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாழ்ந்துவிடுகின்றன.

இரண்டு மாதம் தொட்டிப் பக்கமே போகவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பம்பை நிறுத்தினால் கல்லில் உள்ளதெல்லாம் அழுகி முட்டை நாற்றம் வந்துவிடும் என்பதால் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. தண்ணீரை மாற்றி, பாக்டீரியாவை மறுபடி எழுப்பி, மூன்றாம் தடவை 25 குஞ்சு மட்டும் விட்டேன். மின்சாரம் போனால் காற்று பம்புக்கு மட்டும் ஒரு பேட்டரி வைத்தேன். தண்ணீர் பம்ப் சில மணி நேரம் நின்றால் செடி தாங்கும், நெருக்கமாக இருக்கும் மீனுக்குக் காற்று நின்றால் தாங்காது. ஒரு ராத்திரி நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை, ஒன்றும் ஆகவில்லை. காலையில்தான் எனக்கே தெரிந்தது. அந்த 25ல் 22 மீன் ஏழெட்டு மாதத்தில் அரைக் கிலோவுக்குப் பக்கமாக வளர்ந்தன. மொத்தம் 10 கிலோ, அதற்கு 17 கிலோ தீவனம் ஆனது.

இனி, நான் ஆரம்பித்த பயத்துக்கு இது மருந்தா என்ற கேள்வி. இதைப் பற்றி யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை, அதனால் போட்டுவிடுகிறேன். வீட்டு அளவில் 1000 லிட்டருக்கு 20 கிலோ மீனுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. எல்லாம் நல்லபடியாக நடந்து ஏழு மாதத்தில் 20 கிலோ எடுத்தால், முள்ளும் தலையும் போகச் சதை மூன்றில் ஒரு பங்கு, சுமார் 7 கிலோ. அதில் புரதம் ஐந்தில் ஒரு பங்கு. ஏழு மாதத்துக்குப் பிரித்தால் நாளைக்கு 7 கிராம் கூட வராது, ஒரு முட்டையில் இருப்பது. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு முட்டை! கீரையோ 100 கிராமுக்கு 20, 25 கலோரிதான், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 2000 கலோரியைக் கீரையில் எடுக்க எட்டு கிலோவுக்கு மேல் மெல்ல வேண்டும். தானியமும் பருப்பும் கிழங்கும் மண்ணில்தான் விளைந்தாக வேண்டும். அதுவும் போக, தீவனமும் மின்சாரமும் வெளியிலிருந்து வருகின்றன. பம்பும் காற்றும் சேர்ந்து 40 வாட் என்றால் நாளைக்கு ஒரு யூனிட். கடை மூடினால் காய் வராது என்று பயந்தவன், கடை மூடினால் தீவனம் வராத ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். பாசி போலத் தண்ணீரில் மிதக்கும் டக்வீட் என்ற குட்டிச் செடியும் பிளாக் சோல்ஜர் என்ற கருப்பு ஈயின் புழுவும் வளர்த்துத் தீவனத்தில் கால் பங்கு வரை ஈடுகட்டப் பார்க்கிறேன், முழுக்க முடியவில்லை.

அப்படியானால் வீண் வேலையா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருஷம் முழுக்கப் பச்சை இலை வீட்டிலேயே கிடைக்கிறது, மண் இல்லாத இடத்தில், மிகக் குறைந்த தண்ணீரில். பாத்தி அளவைத் தீர்மானிப்பதற்கு மீன் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், தீவனத்தைப் பாருங்கள். இலைச் செடிக்குச் சதுர மீட்டருக்கு நாளைக்கு 40, 50 கிராம் தீவனம், தக்காளி மாதிரிக் காய்க்கிறவற்றுக்கு 50 முதல் 80. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014ல் வெளியிட்ட சிறு அளவு அக்வாபோனிக்ஸ் கையேட்டில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. நான் அதைப் படித்தது இரண்டாம் தடவை மீன் செத்த பிறகு. இன்னொன்று, திலாப்பியா வளர்க்கப் பல நாடுகளில் அனுமதி வேண்டும், குஞ்சு வாங்குவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் பிளாஸ்டிக் பையில் 12 குஞ்சுகளோடு வந்து நின்றான். முந்தா நாள்தான் தொட்டி நிரப்பினானாம். "அண்ணே, இன்னைக்கே விட்டுடலாம்ல?" என்றான். குஞ்சுகளை வாங்கி என் வீட்டுத் தனித் தொட்டியில் விட்டுவிட்டு, என் பாத்தியிலிருந்து ஒரு வாளி கல்லை ஈரத்தோடு அள்ளி அவனிடம் கொடுத்தேன், கூடவே சோதனைக் கிட்டையும். பழைய கல்லில் பாக்டீரியா இருக்கும், ஆறு வாரம் இரண்டு மூன்று வாரமாகக் குறையும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். நேற்று ராத்திரி நைட்ரைட் குழாயைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான், இன்னும் ஊதாவாகத்தான் இருந்தது, நைட்ரைட் போகவில்லை என்று அர்த்தம். குஞ்சுகள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.